கையெழுத்து போட்ட விலை ஒண்ணு, கட்டுற விலை ஒண்ணு: பிரிட்டன் பிராட்பேண்ட் ஒப்பந்தம் சொல்ற பாடம்



ஒரு சின்னக் கேள்வி. வாடகைக்கு வீடு பிடிக்கிறீங்க. 24 மாசத்துக்கு அக்ரிமென்ட். மாச வாடகை இவ்வளவுன்னு பேசி முடிச்சு கையெழுத்தும் போட்டாச்சு. மூணாவது மாசமே ஹவுஸ் ஓனர் வந்து நிக்கிறார். "நாட்டுல விலைவாசி ஏறிடுச்சு. அது எவ்வளவு ஏறுச்சோ அதையும், அதுக்கு மேல 3.9 சதவீதத்தையும் சேர்த்துக் குடுங்க. அடுத்த வருஷமும் இதே மாதிரிதான். பிடிக்கலைன்னா காலி பண்ணிக்கலாம், ஆனா மிச்ச மாசத்துக்குக் கணக்குப் போட்டு பணத்தை வெச்சுட்டுப் போங்க" என்கிறார்.

சும்மா விடுவீங்களா? தெருவே கூடியிருக்கும்.

இதைத்தான் பிரிட்டனில் பெரிய இன்டர்நெட் கம்பெனிகள் பல வருஷமா, சட்டத்துக்கு உட்பட்டே செஞ்சாங்க. தெரு கூடவில்லை. ஏன்னா அந்த வரி ஒப்பந்தத்தோட சின்ன எழுத்துல இருந்தது. படிச்சவங்க கொஞ்சம் பேர், புரிஞ்சவங்க அதை விடக் கொஞ்சம் பேர்.

"பிரிட்டன் கதை நமக்கு எதுக்கு"ன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. நம்ம ஊர்ல இன்ஜினியரிங் முடிச்சுட்டு, லோன் போட்டு, மாஸ்டர்ஸ் படிக்க கவென்ட்ரி, லெஸ்டர், லண்டன்னு கிளம்பின பசங்க நம்ம ஒவ்வொருத்தர் தெருவுலயும் இருக்காங்க. ஈழத்திலிருந்து போய் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் வேரூன்றிய நம் உறவுகள் இருக்காங்க. அங்கே அவங்க முதல்ல போடுற கையெழுத்துகள்ல ஒண்ணு வாடகை வீட்டுக்கு, இன்னொண்ணு இன்டர்நெட்டுக்கு. இந்த ரெண்டாவது கையெழுத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கடைசியில நம்ம ஊருக்கும் வரேன்.

அந்த ஃபார்முலா என்ன?

"சி.பி.ஐ. பிளஸ் 3.9". இங்கே சி.பி.ஐ.ன்னா கட்சியும் இல்ல, ரெய்டுக்கு வர்ற விசாரணை அமைப்பும் இல்ல. நுகர்வோர் விலைக் குறியீடு. அரிசி, பருப்பு, பெட்ரோல், கரண்ட்னு சாதாரணக் குடும்பம் வாங்குற பொருள்களோட விலை ஒரு வருஷத்துல எத்தனை சதவீதம் ஏறியிருக்குன்னு அரசு புள்ளிவிவரத் துறை கணக்குப் போட்டு வெளியிடுற எண்.

பிடி, ஈஈ, பிளஸ்நெட், வோடஃபோன் மாதிரியான கம்பெனிகள் டிசம்பர் மாச எண்ணை எடுத்துக்கிட்டு, அதுக்கு மேல 3.9 சேர்த்து, வசந்த காலத்துல பில்லை ஏத்தினாங்க. டாக்டாக் கம்பெனிக்கு அது 3.7.

விலைவாசி ஏறுனா செலவும் ஏறும், சரி. அந்தக் கூடுதல் 3.9 எதுக்கு? வாடிக்கையாளர் கையில வர்ற பில்லுல அதுக்குக் கணக்கு கிடையாது.

இப்ப நிஜமான எண்களைப் பாருங்க.

2021 டிசம்பர் பணவீக்கம் 5.4 சதவீதம். அதனால 2022-ல ஏத்தினது 9.3 சதவீதம்.
2022 டிசம்பர் பணவீக்கம் 10.5 சதவீதம். 2023-ல ஏத்தினது 14.4 சதவீதம்.
2023 டிசம்பர் பணவீக்கம் 4 சதவீதம். 2024-ல ஏத்தினது 7.9 சதவீதம்.

2023-ஐ நினைச்சுப் பாருங்க. உக்ரைன் போருக்குப் பிறகு கேஸ் பில், கரண்ட் பில், மளிகை பில் எல்லாம் எகிறி, அங்கே சாதாரணக் குடும்பங்கள் ஹீட்டரைப் போடலாமா வேண்டாமான்னு யோசிச்ச நேரம். விலைவாசியால அடி வாங்கினவன் கிட்டயே வந்து, "உனக்கு அடி விழுந்திருக்குல்ல, அந்த அளவுக்கு நானும் ஒண்ணு போட்டுக்கிறேன், மேல 3.9 என் பங்குக்கு"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? அதுதான் இந்த ஃபார்முலா.

ஒரு குடும்பத்தோட கணக்கு

2022 ஜனவரியில நீங்க மாசம் 30 பவுண்டுக்கு 24 மாச ஒப்பந்தம் போட்டதா வெச்சுக்குங்க. மனசுல நீங்க போட்ட கணக்கு: 30 பெருக்கல் 24, மொத்தம் 720 பவுண்டு.

நடந்தது என்ன? மூணு மாசம் 30 கட்டினீங்க. அடுத்து 9.3 சதவீதம் ஏறி 32 பவுண்டு 79 பென்ஸ். அடுத்த வருஷம் 14.4 சதவீதம் ஏறி 37 பவுண்டு 51 பென்ஸ். ரெண்டு வருஷம் முடியறப்போ நீங்க கட்டினது சுமார் 821 பவுண்டு. கையெழுத்து போட்ட விலையை விட 100 பவுண்டுக்கு மேல கூட.

அதே ரவுட்டர், அதே கேபிள், அதே ஸ்பீடு. கடைசி மாசத்துல விலை மட்டும் நாலுல ஒரு பங்கு அதிகம்.

பூட்டு யாருக்கு?

"விலை ஏறுனா வேற கம்பெனிக்கு மாறிக்கலாமே, அதானே போட்டிச் சந்தை?"ன்னு ஒருத்தர் கேப்பார். நியாயமான கேள்வி. பதில்லதான் விஷயமே இருக்கு.

நம்ம ஊர் டிராய் மாதிரி அங்கே ஆஃப்காம்னு ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு. 2014 ஜனவரியில அவங்க ஒரு வழிகாட்டுதல் கொண்டு வந்தாங்க. ஒப்பந்தத்துல சொல்லாத விலை ஏற்றத்தை நடுவுல கொண்டு வந்தா, வாடிக்கையாளர் அபராதம் இல்லாம வெளியேறலாம். அருமையான விதி. கம்பெனிகள் என்ன செஞ்சாங்க? விலை ஏத்துறதை நிறுத்தலை. "வருஷா வருஷம் ஏத்துவோம்"ங்கிறதை ஒப்பந்தத்துக்குள்ளயே எழுதிட்டாங்க. இப்ப அது சொல்லாத ஏற்றம் இல்ல, நீங்க ஒத்துக்கிட்ட ஏற்றம். அதனால வெளியேறுற உரிமையும் இல்ல. போகணும்னா மிச்ச மாசங்களுக்குக் கணக்குப் பண்ணி கட்டணம் கட்டணும்.

வாடிக்கையாளரைக் காப்பாத்த போட்ட வேலியை, அவரையே உள்ளே வெச்சுப் பூட்டுற கதவா மாத்திட்டாங்க.

ஒப்பந்தம்னா என்ன தோழர்களே? ரெண்டு பக்கமும் கட்டுப்படறது. "நான் 24 மாசம் உன்னோட இருக்கேன், அதுக்குப் பதிலா நீ எனக்கு இந்த விலைக்குக் குடு" என்பதுதானே பேச்சு? இங்கே வாடிக்கையாளர் கால் கட்டப்பட்டிருக்கு, கம்பெனியோட கை மட்டும் கட்டப்படலை. அந்தக் கை அவர் பாக்கெட்டுக்குள்ள இருக்கு. எரியுற விஷயம் விலை ஏற்றத்தை விட இந்த ஒருதலைப் பூட்டுதான்.

நம்ம மாணவர்கள் விஷயத்துல இது இன்னும் மோசம். மாஸ்டர்ஸ் படிப்பு பெரும்பாலும் ஒரு வருஷம். வீட்டு அக்ரிமென்ட் ஒரு வருஷம். ஆனா விளம்பரத்துல குறைஞ்ச விலை காட்டுற இன்டர்நெட் ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாசம். அஞ்சு பேர் சேர்ந்து இருக்கற வீட்டுல ஒருத்தர் பேர்ல கனெக்‌ஷன். வருஷம் முடிஞ்சதும் ஆளுக்கொரு ஊருக்குப் போயிடுவாங்க. பில்லும், நடுவுல முறிச்ச கட்டணமும் அந்த ஒருத்தர் தலையில.

2025-ல வந்த மாற்றம்: பாதி வெற்றி

எதிர்ப்பு வலுத்தது. நுகர்வோர் அமைப்புகள் விடாம பேசினாங்க. பணவீக்கக் குறியீடுன்னா என்னன்னு வாடிக்கையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தெரியலைன்னு ஆஃப்காமே ஆய்வு செஞ்சு சொன்னது. வருங்காலப் பணவீக்கம் எவ்வளவுன்னு பொருளாதார நிபுணர்களாலேயே சரியா சொல்ல முடியாதப்போ, அதை முன்கூட்டியே கணக்குப் போடுற சுமையை ஒரு குடும்பத்தலைவி மேல போடறது என்ன நியாயம்?

2024 ஜூலையில ஆஃப்காம் முடிவெடுத்தது. 2025 ஜனவரி 17 முதல் போடுற புதிய ஒப்பந்தங்கள்ல பணவீக்கத்தோட சேர்த்துக் கட்டுற விலை ஏற்றத்துக்குத் தடை. ஏத்தறதா இருந்தா எந்த மாசம், எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ்னு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே வெளிப்படையா சொல்லணும்.

நல்ல முடிவு, பாராட்டணும். மக்கள் பேசினா விதி மாறும் என்பதற்கு இது சாட்சி. ஆனா கவனிங்க: தடை போட்டது ஃபார்முலாவுக்கு மட்டும். நடுவுல விலை ஏத்துறதுக்குத் தடை இல்ல.

கம்பெனிகள் உடனே மாறிக்கிட்டாங்க. பிடி, ஈஈ, வோடஃபோன் எல்லாம் வருஷத்துக்கு, மாச பில்லுல 3 பவுண்டு ஏற்றம்னு கொண்டு வந்தாங்க. வர்ஜின் மீடியா 3 பவுண்டு 50 பென்ஸ். அதுக்கப்புறம் வந்த புது ஒப்பந்தங்கள்ல இது 4 பவுண்டு வரைக்கும் போயிருக்கு.

"3 பவுண்டுதானே, ஒரு டீ காசு"ன்னு தோணும். இங்கதான் கால்குலேட்டரை எடுக்கணும்.

மாசம் 25 பவுண்டு கட்டுறவருக்கு 3 பவுண்டுன்னா 12 சதவீத ஏற்றம். மாசம் 60 பவுண்டு கட்டி ஜிகாபிட் ஸ்பீடு வாங்குறவருக்கு அதே 3 பவுண்டு வெறும் 5 சதவீதம். குறைஞ்ச பிளான் எடுக்கற ஏழைக்கு அதிக சதவீதம், பெரிய பிளான் எடுக்கறவருக்குக் குறைஞ்ச சதவீதம். சமூக நீதி பேசுற மண்ணுல பிறந்த நமக்கு இந்தக் கணக்கு உடனே உறுத்தணும்.

இன்னொண்ணு. 2024 டிசம்பர் பணவீக்கம் 2.5 சதவீதம். பழைய ஃபார்முலா இருந்திருந்தா 6.4 சதவீதம், அதாவது 25 பவுண்டு பில்லுக்கு 1 பவுண்டு 60 பென்ஸ் ஏறியிருக்கும். புது முறையில 3 பவுண்டு. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! திட்டு வாங்கின பழைய முறையை விட, வெளிப்படையான புது முறை சின்ன பில்லுக்காரருக்கு அந்த வருஷம் அதிகச் சுமை.

"திருடப் போறேன்"னு முன்கூட்டியே போர்டு வெச்சா அது திருட்டு இல்லாம போயிடுமா? வெளிப்படைத்தன்மை தேவைதான். ஆனா அது நியாயத்துக்குப் போற வழிதானே தவிர, நியாயமே அது இல்ல.

விதியோட ஓட்டை எங்கே இருக்குன்னு காட்டின சம்பவம்

2025 அக்டோபர்ல ஓ2 மொபைல் கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டது. வருஷத்துக்கு 1 பவுண்டு 80 பென்ஸ் ஏத்துவோம்னு ஏற்கனவே சொல்லியிருந்ததை, 2026 ஏப்ரல்ல 2 பவுண்டு 50 பென்ஸ் ஆக்கப் போறோம்னு சொன்னாங்க. அப்ப "பவுண்டு, பென்ஸ்ல முன்கூட்டியே சொல்லணும்"ங்கிற விதி என்ன ஆச்சு?

சொன்னதுக்கு மேல ஏத்துறதால, வாடிக்கையாளர் அபராதம் இல்லாம வெளியேற 30 நாள் அவகாசம் குடுத்தாங்க. அது குடுத்துட்டா விதியோட எழுத்துப்படி தப்பில்ல. ஆனா விதியோட நோக்கத்துக்கு இது விரோதம்னு ஆஃப்காம் அதிருப்தி தெரிவிச்சது. துறை அமைச்சர் லிஸ் கெண்டல் ஆஃப்காமுக்குக் கடிதமே எழுதினார். இது மொபைல் விஷயம்தான், ஆனா இதே விதிதான் வீட்டு இன்டர்நெட்டுக்கும்.

ஒரே வருஷத்துக்குள்ள விதியைத் தாண்டுற வழியைக் கண்டுபிடிச்சுட்டாங்க. 2014-லயும் இதேதான் நடந்தது. விதியை எழுத்தா மட்டும் எழுதினா, எழுத்துல ஓட்டை தேடற வக்கீல்கள் கம்பெனி கிட்ட எப்பவும் இருப்பாங்க.

கம்பெனி தரப்பு வாதம்

அவங்க சொல்றதையும் கேப்போம். நாடு முழுக்க ஃபைபர் போடக் கோடிக்கணக்குல முதலீடு. சம்பளம், மின்சாரம், மொத்த வியாபாரக் கட்டணம் எல்லாம் விலைவாசியோட ஏறுது. ரெண்டு வருஷத்துக்கு ஒரே விலைன்னா ஆரம்ப விலையையே ஏத்தி வெக்க வேண்டியிருக்கும்.

இதுல உண்மை இருக்கு. மறுக்கலை. என் பதில் ஒண்ணே ஒண்ணு: அப்ப ஏத்தியே சொல்லுங்க!

24 மாசத்துக்கு உங்களுக்கு நியாயமா 28 பவுண்டு வேணும்னா, போர்டுல 28-னே போடுங்க. நான் நாலு கம்பெனி விலையை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கிக்கிறேன். போர்டுல 25 போட்டு ஆளை உள்ளே இழுத்து, கதவைப் பூட்டினதுக்கப்புறம் 28, 31-னு ஏத்துனா, அங்கே நடக்கறது போட்டி இல்ல, தூண்டில்.

ரிஸ்க் யாரு தாங்கணும்னும் ஒரு கேள்வி இருக்கு. பணவீக்கம் எகிறலாம்ங்கிற ஆபத்தை, பொருளாதார நிபுணர்களை வேலைக்கு வெச்சிருக்கற, லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் மேல அதைப் பரப்பிக்க முடியற கம்பெனி தாங்கணுமா? இல்ல சம்பளம் ஏறாத ஒரு குடும்பம் தாங்கணுமா?

நம்ம ஊர்ல எப்படி?

தமிழ்நாட்டுல ரெண்டு வருஷப் பூட்டு வீட்டு இன்டர்நெட்டுல வழக்கம் இல்ல. மாசத்துக்கோ, மூணு, ஆறு, பன்னிரண்டு மாசத்துக்கோ முன்பணம் கட்டி ஓட்டுறோம். நம்ம கிட்ட ஒரு நல்ல பாதுகாப்பும் இருக்கு, பல பேருக்குத் தெரியாது: 2006-ல டிராய் போட்ட உத்தரவுப்படி, ஒரு பிளான்ல நீங்க சேர்ந்த நாள்ல இருந்து ஆறு மாசத்துக்கு அந்த பிளான் கட்டணத்தை உயர்த்தக் கூடாது. ஆறு மாசத்துக்கு மேல வேலிடிட்டி சொல்லி மொத்தமா பணம் வாங்கியிருந்தா, அந்தக் காலம் முடியற வரைக்கும் உயர்த்தக் கூடாது. இந்த ஒரு விஷயத்துல லண்டனை விட நம்ம விதி தெளிவு.

ஆனா கட்டணம் எவ்வளவுன்னு முடிவு பண்றது நம்ம நாட்டுலயும் கம்பெனிதான். நிர்ணயிச்சுட்டு டிராய்க்குத் தெரிவிச்சா போதும். அதோட விளைவை 2024 ஜூலையில மொபைல் ரீசார்ஜ்ல பார்த்தோம். ஜியோவும் ஏர்டெல்லும் ஜூலை 3, வோடஃபோன் ஐடியா ஜூலை 4. ரெண்டே நாள்ல மூணு பேரும் ஏத்தினாங்க. ஒப்பந்தப் பூட்டு இல்ல, ஆனா போக இடமும் இல்லைன்னா அதுவும் பூட்டுதான். அந்த மாசம் சுமார் 29 லட்சம் பேர் கூடுதலா பிஎஸ்என்எல் பக்கம் போனாங்கன்னா, பொதுத்துறைன்னு ஒரு கதவு திறந்திருந்ததால போனாங்க. அந்தக் கதவு எவ்வளவு முக்கியம்னு புரியுதா? போட்டி இருக்கணும்னா, லாபத்துக்காக மட்டும் ஓடாத ஒரு போட்டியாளரும் களத்துல இருக்கணும்.

பிரிட்டன் மாதிரி நீண்ட ஒப்பந்தங்கள் நாளைக்கு இங்கே வந்தா, "ஆறு மாசம்"ங்கிற பாதுகாப்பு போதாது. "எத்தனை மாசம் என்னைக் கட்டுறியோ, அத்தனை மாசம் விலையையும் கட்டு" என்பதை இப்பவே விதியாக்கணும்.

பிரிட்டன்ல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு

இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அங்கே இருக்கற தம்பி, தங்கச்சிக்கு அனுப்புங்க.

1. முதல் மாச விலையைப் பார்க்காதீங்க. எல்லா ஏற்றத்தையும் சேர்த்து, மொத்த ஒப்பந்தக் காலத்துக்கும் எவ்வளவுன்னு கூட்டிப் பாருங்க. ரெண்டு கம்பெனியை அந்த மொத்தத்தை வெச்சே ஒப்பிடுங்க.

2. நீங்க இருக்கப் போறது ஒரு வருஷம்னா 24 மாசத்துல கையெழுத்து போடாதீங்க. 12 மாச பிளானோ, மாசா மாசம் ஓடற பிளானோ விலை கூட இருந்தாலும் கடைசியில மலிவா முடியலாம்.

3. ஆன்லைன்லயோ போன்லயோ எடுத்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள்ள ரத்து பண்ணிக்கலாம். ஏமாந்துட்டோம்னு தோணினா அந்த 14 நாளை விட்டுடாதீங்க.

4. ஒப்பந்தத்துல இல்லாத ஏற்றம்னு மெயில் வந்தா, 30 நாளுக்குள்ள அபராதம் இல்லாம வெளியேறலாம். கம்பெனி மெயிலைத் திறக்காமலேயே டெலீட் பண்ற பழக்கத்தை விடுங்க.

5. ஒப்பந்தம் முடியப் போகுதுன்னு கம்பெனி உங்களுக்குச் சொல்லியே ஆகணும். அந்தத் தகவல் வந்ததும் பேரம் பேசுங்க, இல்ல மாறுங்க. 2024 செப்டம்பர்ல இருந்து புது கம்பெனி கிட்ட சொன்னா போதும், பழைய கனெக்‌ஷனை நிறுத்துற வேலையை அவங்களே பார்த்துப்பாங்க.

6. அங்கே அரசு உதவித்தொகை வாங்கற நம்ம பெரியவங்க வீட்டுல இருந்தா, "சோஷியல் டாரிஃப்"னு குறைஞ்ச கட்டணத் திட்டம் இருக்கான்னு கேளுங்க. தகுதி இருக்கறவங்கள்ல பத்துல ஒருத்தர் அளவுக்குத்தான் 2024 வரைக்கும் அதை எடுத்திருந்தாங்க. விளம்பரம் பண்ண மாட்டாங்க, நாமதான் கேக்கணும்.

நம்ம கோரிக்கை

ரெண்டே வரி. ஒண்ணு, பூட்டுற காலம் முழுக்க விலையும் பூட்டப்படணும். இல்லைன்னா, விலை ஏறுற அன்னைக்கே பூட்டும் தானா திறக்கணும். முன்னாடியே சொன்ன ஏற்றமா, சொல்லாத ஏற்றமா என்ற பேதமே கூடாது.

இன்டர்நெட் இன்னைக்கு ஆடம்பரம் இல்ல. பையனோட படிப்பு, அப்பாவோட டாக்டர் அப்பாயின்ட்மென்ட், வேலைக்கு அப்ளிகேஷன், ஊர்ல இருக்கற அம்மாவோட வீடியோ கால், எல்லாம் அந்த ஒத்தக் கேபிள்ல ஓடுது. தண்ணி மாதிரி, கரண்ட் மாதிரி ஆயிடுச்சு. தண்ணிக்கு யாராச்சும் இப்படி ஃபார்முலா போட்டா நாம என்ன செய்வோமோ, அதை இதுக்கும் செய்யணும்.

லைக் போட்டுட்டு நகர்ந்துடாதீங்க. உங்க வீட்டு இன்டர்நெட் பில்லை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. முதல் மாசம் கட்டினது எவ்வளவு, இந்த மாசம் கட்டினது எவ்வளவு? ரெண்டு எண்ணையும் கமெண்ட்ல போடுங்க. எந்த ஊர்ல இருந்தாலும் சரி. எண்கள் ஒண்ணா சேர்ந்தாதான் குரலுக்கு எடை கூடும்.

#கட்டுனா_ரெண்டு_பேரையும்_கட்டு
#சொன்ன_விலைக்குக்_கொடு